எண்பதுக்கு மேல்

ஜனவரி 6, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த புது டைரி. போன வருஷத்து டைரி டிசம்பர் இருபதிலேயே நிரம்பிவிட்டது. கேன்டீன் தங்கபுஷ்பத்தோடு நடந்த சண்டை மட்டும் பதினோரு பக்கம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் தேதி போட்டு எழுதிவிடுவேன். தேதி இல்லாமல் பேசினால் "நான் எப்பம் சொன்னேன்" என்று எல்லாரும் நழுவிவிடுகிறார்கள்.

இன்றைக்கு இரண்டு சேதி.

முதலாவது, தியோடர் சாருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். எங்கள் பிரிவுக்கு நியூக்ளியர் மெடிசின் என்று பேர். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கடைசிக் கதவு. கதிர் மருந்தை ஊசியில் ஏற்றி, உடம்புக்குள் அது எங்கே போய்ச் சேருகிறது என்று பெரிய கேமராவில் பார்ப்பார்கள். சார் அங்கே பிசிசிஸ்ட். நான் உதவியாள். ஆட்களைக் கூட்டி வருவது, எடை, உயரம் பார்த்துச் சீட்டில் எழுதுவது, படுக்கவைப்பது, துடைப்பது, ரிப்போர்ட்டை மேலே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ரிட்டயர் ஆகி ஒப்பந்தத்தில் இது மூன்றாவது வருஷம்.

கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போடும் புரோகிராம் ஒன்று இருக்கிறது. பழைய கேமரா செத்தபோது அதோடு வந்த புரோகிராமும் செத்துவிட்டது. அப்போது சார்தான் இரண்டு மாசம் உட்கார்ந்து இதை எழுதினார். கடையில் வாங்கியது இல்லை. இப்போது கடிதம் சொல்வது, ஆஸ்பத்திரிக்குள்ளேயே எழுதிய புரோகிராம் எதுவானாலும் வெளியில் வாங்கும் கருவி மாதிரியே சோதித்துக் காட்ட வேண்டும். யார் எழுதியது, எதை நம்பி ஓடுகிறது, யார் எப்போது என்ன மாற்றினார்கள், எல்லாம் தாளில் வேண்டும். பிப்ரவரி நாலாம் தேதி ஆய்வுக்கு ஆள் வரும். சரியில்லை என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள்.

சார் கடிதத்தை டெக்னீசியன் ஷீபாவிடம் நீட்டி, "ஆறு வருசமா ஓடுது. ஒருத்தரும் கேக்கல. இப்பம் வந்து நீ யாருன்னு கேக்கான்" என்றார்.

இரண்டாவது சேதி, என் மகள் சங்கரேஸ்வரி போன் பண்ணினாள். புருஷனுக்குத் தன் கிட்னியைக் கொடுக்கப்போகிறாளாம். ரத்தம் பொருந்திவிட்டதாம். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

ஜனவரி 8, புதன்

ஆட்கள் குறைவு. சன்னல் துடைத்தேன். கேமரா மேல் வைக்கிற, ஸ்டூல் மாதிரி இருக்கும் எவர்சில்வர் படியைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் ஒரு காலில் இன்னும் போகவில்லை, இருக்கட்டும் என்று விட்டேன். எக்ஸ்ரே அறை உதவியாள் பேச்சியம்மாள், பஞ்சு வாங்க வந்தவள், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

சங்கரியை நானே படுக்கவைத்தேன்.

அந்தச் சோதனை இப்படி. கேமரா முகம் மேலே பார்த்திருக்கும். அதன் மேல் படியை வைத்து, படியின் நடுவில் மருந்து ஏற்றிய ஊசியை வைப்பார்கள். ஊசியில் எவ்வளவு இருக்கிறது என்று கேமரா எண்ணிக்கொள்ளும். பிறகு படியை எடுத்துவிட்டு ஆளை மேசையில் படுக்கவைத்து ஊசியைப் போடுவார்கள். கிட்னி எவ்வளவு இழுத்துக்கொண்டது என்று கேமரா கீழேயிருந்து பார்க்கும். கொடுத்தது எவ்வளவு, கிட்னி எடுத்தது எவ்வளவு என்று வகுத்துப் புரோகிராம் ஒரு எண் சொல்லும். அந்த எண் எண்பதுக்கு மேல் இருந்தால்தான் ஒன்றை அறுத்துக் கொடுக்க விடுவார்கள். எண்பதுக்குக் கீழே என்றால் கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

சங்கரி எடை நாற்பத்தொன்பது. ஏழு மாசத்தில் பிறந்தவள். பால் குடிக்கத் தெம்பில்லாமல் பஞ்சில் நனைத்து விட்டேன். அந்த உடம்பு எண்பதைத் தாண்டாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தேன் என்ன, சங்கரன்கோவில் ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டே ரிப்போர்ட்டைப் பிரித்தேன்.

எண்பத்தாறு.

சங்கரி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம்மா, நீ வளத்த உடம்புல்லா" என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

போகி. லீவு. வீட்டில் எரிக்க ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

சங்கரி வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனேன். மருமகன் இசக்கிமுத்து கட்டிலில் கால் வீங்கிக் கிடந்தான். ஸ்கூல் வேன் ஓட்டியவன். வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். ஆளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பேத்தி பிறந்தது 2012 நவம்பர் ஒன்பது. பொட்டப்பிள்ளை என்று கேட்டுவிட்டு மூன்று நாள் வந்து பார்க்காதவன் இவன். நவம்பர் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். நான் அதைத் தின்னவில்லை. இன்று வரை அவனோடு நேராகப் பேசுவதும் இல்லை.

"அத்தே, வாங்க" என்றான்.

"சங்கரி, தண்ணி கொண்டா" என்றேன்.

பிப்ரவரி பன்னிரண்டு ஆபரேஷன் தேதி. புதன்கிழமை. சங்கரி காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள்.

ஜனவரி 20, திங்கள்

தியோடர் சார் அந்தக் கடிதத்துக்காக எழுதிக்கொண்டே இருக்கிறார். போன வருஷம் எத்தனை பேர் கிட்னி கொடுக்கச் சோதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று ஷீபாவை எண்ணச் சொன்னார். ஷீபா மார்த்தாண்டத்துப் பிள்ளை, நவம்பரில்தான் சேர்ந்தது. கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டே இருந்தாள்.

"சித்திரையில கடையநல்லூர் ஜமீலா, எழுபத்தாறு, திருப்பி அனுப்பினாங்க" என்றேன். "வைகாசியில பணகுடி வாத்தியார், எழுபத்தெட்டு, அவரும் போயிட்டாரு. ஆடியில அண்ணந்தம்பி ரெண்டு பேரு வந்தாங்க. அண்ணனுக்கு எழுபத்தொண்ணு, தம்பிதான் தேறுனான். ஆவணியில புளியங்குடி மருமக ஒருத்தி, எழுபத்தஞ்சு. வெளிய வந்து எங்கிட்ட சந்தோசத்த மறைக்க முடியாம அழுதா."

ஷீபா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரி. "யக்கா, உங்களத்தான் ஆய்வுக்கு முன்னால உக்கார வைக்கணும்" என்றாள்.

சார் தலையைத் தூக்கவில்லை. "ஆயுத பூசைக்கு அப்புறம்?" என்றார்.

ஏழு பேர் வந்தார்கள். சொல்லிக்கொண்டே வந்தேன். எண்பத்து மூன்று, தொண்ணூற்று நாலு, எண்பத்தெட்டு... ஏழாவது, இந்த மாசம் வந்த என் மகள். ஒருத்தரும் எண்பதுக்குக் கீழே இல்லை.

"நல்ல வருசம்" என்றார் சார்.

ஜனவரி 23, வியாழன்

மூன்று நாளாக அந்த ஏழு பேரும் என் கண்ணிலேயே நிற்கிறார்கள். சுரண்டை பத்ரகாளி, வயசு அம்பத்தெட்டு, ரெண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அவளுக்கு எண்பத்து மூன்று. கார்த்திகை முடியும் முன் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். என் சங்கரிக்கு எண்பத்தாறு. முப்பது வருஷமாக உடம்பைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ரெண்டு மூணு ஏறும் இறங்கும், அவ்வளவுதான். இந்த ஏழில் நாலு எனக்குப் பொருந்தவில்லை.

ஜனவரி 27, திங்கள்

சார் எழுதி முடித்ததை ஷீபாவுக்கு வாசித்துக் காட்டினார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். "புரோகிராம் எதையெல்லாம் நம்பி ஓடுகிறது" என்று ஒரு பக்கம். ஆளின் எடை. ஆளின் உயரம். ஊசியை எண்ணும் நேரம். ஊசி வைக்கும் மணை: மரம், முக்கால் அங்குலக் கனம், ஒரு சாண் உயரம்.

"மரத்துக்குள்ள கதிர் கொஞ்சம் நிக்கும். அந்த அளவு புரோகிராமுக்குள்ளயே இருக்கு. நானே அளந்து போட்டது" என்றார்.

ஷீபா தலையாட்டினாள். அவளுக்கு மணை என்றால் என்ன என்று தெரியாது. அவள் வந்த நாளிலிருந்து ஊசியை எவர்சில்வர் படியில்தான் வைக்கிறாள்.

நான் அந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன் போல. "ஆவுடையம்மா, அங்கன தேய்ஞ்சிரும்" என்றார் சார்.

ஜனவரி 28, செவ்வாய்

தலைவலி. லீவு போடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஆயுத பூசை அக்டோபர் பதினொன்று, வெள்ளிக்கிழமை. வருஷா வருஷம் எல்லாப் பிரிவையும் கழுவிப் பொட்டு வைப்போம், பெரிய டாக்டர் ஒவ்வொரு அறையாக வந்து பார்ப்பார். அதற்கு முந்தின வருஷம் எக்ஸ்ரே அறைதான் அழகு என்று அவர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பேச்சியம்மாள் என்னிடம், "ஒங்க ரூமுக்குள்ள கெடக்க மணையப் பாத்தா டீக்கட மாதிரில்லா இருக்கு" என்றாள். அந்த வார்த்தையை ஒரு வருஷம் வைத்திருந்தேன்.

மணை பழசுதான். ஒரு மூலையில் கறையான் அரித்திருந்தது. பிரசவ வார்டில் கட்டில் ஏற வைக்கிற எவர்சில்வர் படி ஒன்று சும்மா கிடந்தது. உயரம் ஒன்றுதான், நானே சாண் வைத்துப் பார்த்தேன். அதைத் தேய்த்துப் பொட்டு வைத்துக் கேமரா பக்கத்தில் வைத்தேன். மணையை வாட்ச்மேன் வெந்நீர் அடுப்பில் எரிக்க எடுத்துக்கொண்டார். சார் அந்த வாரம் சொந்த ஊர் நாசரேத்துக்குப் போயிருந்தார். அப்போதிருந்த டெக்னீசியன் பையனிடம், "இனிமே இதுல வைங்க தம்பி" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. மாசக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இரும்பும் மரமும் ஒன்றா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் கதிர் வெளியே கசியக் கூடாது என்றுதான் மருந்து ஈயப் பெட்டியில் வருகிறது. நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

மத்தியானம் சங்கரி டயாலிசிசுக்கு இசக்கியைக் கூட்டி வந்தாள். வராந்தாவில் பிடித்து உட்காரவைத்தேன்.

"ஏட்டி, இன்னொரு தடவ அந்தச் சோதனைய எடுத்துப் பாத்திருவோமே."

"எதுக்கு?"

"சும்மாதான். ஒரு திருப்திக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "யாருக்குத் திருப்தி? எம்மா, அவிய மேல ஒனக்கு இருக்க கோவம் இன்னும் தீரல. பன்னெண்டு வருசம். அவிய செத்தாத்தான் தீருமா?"

"அப்படி எப்பம் சொன்னேன்."

"நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்."

நான் படியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட அதை நிறுத்த நான் ஒரு காரணம் சொன்னேன், அதுவும் அவளுக்கு நினைவிருக்கும். என் மகள்தானே.

பிப்ரவரி 1, சனி

மரக்கடையில் மணை ஒன்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னார். அதை வாங்கி வைத்துவிட்டால் இனிமேல் வருகிறவர்களுக்கு எண் சரியாகிவிடும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சங்கரி ஏற்கனவே படுத்து எழுந்துவிட்டாள், அவள் எண் மாறாது என்பது உறைத்தது. திரும்பிப் போய் மணை வேண்டாம் என்று சொன்னேன். கடைக்காரர் முறைத்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆய்வுக்கு நளாயினி மேடம் வந்தார்கள். சென்னைப் பக்கம். கண்ணாடி, ஒரு கட்டுத் தாள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

காலை முழுக்கப் புரோகிராமைச் சோதித்தார்கள். பழைய கேஸ் பத்தை எடுத்து மறுபடி போடச் சொன்னார்கள். பத்துக்கும் அன்றைக்கு வந்த எண்ணே வந்தது. கடைசியாக அதை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார்கள்.

"ரெண்டு வருசமா ஒரு வரி தொடல மேடம்" என்றார் சார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. நான் பார்த்ததுல சில இடத்துல எழுதினவரு வேலைய விட்டே போயிட்டாரு, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியல. இங்க பரவாயில்ல."

சாரின் முகத்தில் ஒரு மாசத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. மேடம் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தார்கள். புரோகிராம் நம்பி ஓடும் விஷயங்கள் பக்கம் வந்தது. எடை. உயரம். நேரம். மணை, மரம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். பேனா கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போய்விட்டது.

நான் தண்ணீர் டம்ளரோடு கதவுப் பக்கம் நின்றேன். எட்டு நாள் தள்ளி என் மகளை அறுப்பார்கள்.

"அது மரம் இல்ல" என்றேன்.

மேடமும் சாரும் ஷீபாவும் திரும்பினார்கள். "என்னம்மா?" என்றார் சார்.

"மணை. அது மரம் இல்ல சார். ஆயுத பூசையில இருந்து எவர்சில்வர். நாந்தான் மாத்துனேன்."

சார் எழுந்து கேமரா அறைக்குப் போனார். பின்னாலேயே நாங்கள் போனோம். படி அதன் இடத்தில் பளபளவென்று இருந்தது. தினமும் நாலு தடவை அதைக் கடந்து போகிறவர் இன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். கையை வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"நான் வந்தப்பவே இதுதான் சார் இருந்துச்சு" என்றாள் ஷீபா. அழுதுவிடுவாள் போல இருந்தது.

"ஏம்மா, அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"'இந்தம்மாவுக்கு என்ன தெரியும்'னு சொல்லுவிய."

"நான் எப்பம் அப்படிச் சொன்னேன்?"

"2021 ஆகஸ்ட் பதினேழு, செவ்வாக்கிழம. காலேஜ் பிள்ளைய பதினாறு பேரு நின்னாங்க."

நளாயினி மேடம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். "ஆயுத பூசைக்கு அப்புறம் இதுல வச்சு எடுத்தவங்க யார் யார்னு தெரியுமாம்மா?" என்றார்கள். கிட்னி கொடுக்க வந்த ஏழு பேரையும் ஊர், எண்ணோடு சொன்னேன். கடைசி ஆள் என் மகள் என்றும் சொன்னேன். அவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். பிறகு எழுதினார்கள்.

மாற்றப் பதிவு என்று ஒரு தாள். இதுவரை வெறும் கோடு மட்டும் இருந்தது. தேதி, மாற்றியது யார், என்ன மாற்றம், காரணம். காரணத்துக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டார்கள்.

"பாக்க நல்லா இருக்கட்டும்னுதான்" என்றேன்.

அப்படியே எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேச்சியம்மாள் பேரைச் சேர்க்கவில்லை. அதற்கு அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

சார் முக்கால் அங்குலப் பலகை ஒன்று கொண்டுவந்து, ஒரே ஊசியை மரத்திலும் படியிலும் மாற்றி மாற்றி வைத்து எண்ணினார். நூற்றில் பதினாலு பங்கைத் தகடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊசியில் உள்ளது குறைவு என்று கேமரா எண்ணும். அவ்வளவு குறைந்த மருந்தில் கிட்னி இவ்வளவு எடுத்துக்கொண்டதே, அப்படியானால் கிட்னி கெட்டி என்று புரோகிராம் சொல்லும். புரோகிராம் மேல் தப்பில்லை. அது மரத்தை நம்பியிருந்தது.

கிட்னி கொடுக்க வந்தவர்கள் போக, வேறு வியாதிக்குச் சோதித்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். எல்லாருக்கும் திருத்திய ரிப்போர்ட் போக வேண்டும். மேடம் நிறுத்தச் சொல்லவில்லை, எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள்: மறுபடி சோதித்துக் காட்டும் வரை ஒவ்வொரு நாளும் சாரே மணையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

சங்கரியை மறுபடி படுக்கவைத்தார்கள். பலகையில் ஊசி. என்னை அறைக்குள் விடவில்லை.

எழுபத்து நாலு.

டாக்டர் அவளிடம் சொல்லும்போது வெளியே நின்றேன். கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "சந்தோசமா?" என்றாள். அவ்வளவுதான். மேலே டயாலிசிஸ் வார்டுக்கு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனாள்.

நான் சந்தோஷமாக இருக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுபத்து நாலு என்று கேட்டவுடன் எனக்கு மூச்சு வந்தது. அது நிஜம்.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்கு நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

மத்தியானம் இசக்கி போன் பண்ணினான். சங்கரி கடைக்குப் போயிருக்கிறாளாம்.

"அத்தே, நீங்க செஞ்சதுதான் சரி. அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா எனக்கு இந்தச் சவத்துக் கிட்னி எதுக்கு. இறந்தவங்க கிட்னிக்குக் காத்திருக்க வரிசையில எம் பேரையும் எழுதியிருக்காங்க. எம்பதாவது ஆளோ என்னமோ."

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை நேராகப் பதில் சொன்னேன். "உப்பக் கொறச்சுச் சாப்பிடும்" என்றேன்.

"சரி அத்தே."

வாழைப்பழச் சீப்பை மறக்கவில்லை. அது வேறு.

பிப்ரவரி 17, திங்கள்

ஏழு பேரில் இரண்டு பேர் ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். தொண்ணூற்று நாலு என்று வந்தவருக்குத் திருத்திப் பார்த்தாலும் எண்பத்தொன்று, கவலை இல்லை. இன்னொருத்தி சுரண்டை பத்ரகாளி. எண்பத்து மூன்று என்று சொல்லி அறுத்தார்கள். உண்மையில் எழுபத்தொன்று.

அவளை வரச் சொல்லிப் போன் பேச ஷீபாவுக்கு வாய் வரவில்லை. நான் பேசினேன். செக்கப்புக்குத்தானே, பேத்தி சடங்கு முடிந்து வருகிறேன் என்றாள். விஷயத்தைப் போனில் சொல்லவில்லை. நேரில் சொல்ல வேண்டியது.

பிப்ரவரி 21, வெள்ளி

சங்கரி பேசவில்லை. நான் கொடுத்தனுப்பிய டிபன் பாத்திரத்தைப் பேத்தியை விட்டுத் திருப்பி அனுப்பினாள், கழுவாமல்.

பிப்ரவரி 27, வியாழன்

பத்ரகாளி காலையிலேயே வந்துவிட்டாள். ஒரு கட்டு முருங்கைக்காய் எனக்கு. மகன் கூட வந்திருந்தான், ஒல்லியாக, மீசை புதுசாக விட்டிருந்தான். ஆறு வருஷமாக வீங்கிக் கிடந்தவன் நெல் அறுப்புக்கு மிஷின் ஓட்டப் போகிறானாம்.

எடை பார்த்தேன், உயரம் பார்த்தேன். சார் வந்து பலகையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சோதனை முடிந்தது. ஒற்றைக் கிட்னிக்கு நாற்பத்தெட்டு.

டாக்டர் அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து விளக்கினார். ஒன்று மட்டும் இருக்கிறது, அது கொஞ்சம் பலவீனம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், பிரஷர் ஏறக் கூடாது, வலி மாத்திரை கூடவே கூடாது. டாக்டர் உள்ளே போன பிறகு மற்றதை நான் சொன்னேன். மணையை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். எழுபத்தொன்று என்றும் சொன்னேன்.

அந்த பெஞ்சின் மறு ஓரத்தில் சங்கரி இருந்தாள். மேலே டயாலிசிஸ் வார்டில் கூட்டம் என்றால் கூட வந்தவர்களைக் கீழே எங்கள் வராந்தாவில்தான் உட்காரச் சொல்வார்கள். கையில் இசக்கியின் சட்டையை மடித்து வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பத்ரகாளி கொஞ்ச நேரம் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காத்துக்கொண்டும் இருந்தேன்.

"யக்கா, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அந்த மர மணையே இருந்திருந்தா எழுபத்தொண்ணுன்னு காட்டியிருக்கும்."

"ஆமா."

"அப்பம் என்னையக் குடுக்க விட்டிருக்க மாட்டாங்க."

"விட்டிருக்க மாட்டாங்க."

அவள் மகன் கேன்டீன் பக்கம் நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் நீங்க மாத்துனதும் நல்லது, சொல்லாம இருந்ததும் நல்லது. எனக்கு அம்பத்தெட்டாச்சு. எம்புட்டு வருசம் கொறஞ்சாலும் சரி. அவன் எந்திச்சு நடக்கான்லா."

முருங்கைக்காய்க் கட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். ரெண்டு படி ஏறி நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனாள்.

"கேட்டியா எம்மா?"

சங்கரி. இருபது நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கண் சிவந்திருந்தது. மடியில் இருந்த சட்டையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன்" என்றேன்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் உன்னையும் கொடுக்க விட்டிருக்கலாம் என்று. அதை நான் சொல்லவில்லை. நாளைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

மேலேயிருந்து இசக்கி பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.